கேள்வி பதில்: பழைய கணினியில் ஃபயர்வால் நிறுவப்போகிறீர்களா?

ஓப்பன்சென்ஸ் போன்ற திறமூல ஃபயர்வால் (வலைப்பின்னலுக்கு வாசற்காவல்), ரூட்டர் மென்பொருள்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, அவற்றை உண்மையான ஒரு பெட்டியில் எப்படி ஏற்றுவது என்றே கேட்கின்றன. ஒரு கல்லூரியின் வலைப்பின்னலைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்பவள் என்ற முறையில், எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதையும் இதற்கே கொடுத்துவிட்டேன்.

கே: எங்கள் பள்ளி ஆய்வகத்தில் 40 கணினிகள் இருக்கின்றன. இணைய நிறுவனம் கொடுத்த பெட்டி, எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் இணையத்துக்குள் போனால் நின்றுவிடுகிறது. ஓப்பன்சென்ஸை என் மடிக்கணினியில் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் நிறுவிப் பழகிவிட்டேன். நன்றாக ஓடுகிறது. பள்ளியில் ஒதுக்கிவைத்த டெஸ்க்டாப் ஒன்று இருக்கிறது. அதில் அப்படியே நிறுவிவிடலாமா, அம்மா?
*– கணினி ஆசிரியர், சிவகங்கை மாவட்டம்*

ப: தாராளமாக நிறுவலாம், ஆசிரியரே. ஆனால் மடிக்கணினியில் ஓடியது டெஸ்க்டாப்பிலும் அப்படியே ஓடும் என்று நம்பி ஒரு சனிக்கிழமை மாலை ஆரம்பித்துவிடாதீர்கள். திங்கட்கிழமை காலை ஆய்வகத்தில் இணையம் இருக்காது.

கணினிக்குள் இன்னொரு கணினி இருப்பதுபோலக் காட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் உங்களுக்குத் திரைகளையும் விதிகளையும் பழக்கிக் கொடுத்துவிட்டது. அது மறைத்துவைத்த விஷயம் ஒன்று உண்டு: நெட்வொர்க் கார்டு. விர்ச்சுவல்பாக்ஸ் வழக்கமாக இன்டெல் கார்டு ஒன்றைப் போல நடித்துக் காட்டும். ஓப்பன்சென்ஸுக்கு அடித்தளமாக இருக்கும் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் அந்தக் கார்டை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். உங்கள் டெஸ்க்டாப்பின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரே ஒரு போர்ட்தான் இருக்கும். அது பெரும்பாலும் ரியல்டெக் சில்லாக இருக்கும். ஃபயர்வாலுக்குக் குறைந்தது இரண்டு போர்ட் வேண்டும்: இணையத்தின் பக்கம் ஒன்று, உள்வலையின் பக்கம் ஒன்று. ரியல்டெக் சில்லுகள் ஃப்ரீபிஎஸ்டியில் சுமை ஏறும்போது இணைப்பைத் துண்டித்துக்கொள்வது நெடுநாள் தொல்லை. ரியல்டெக் நிறுவனத்தின் சொந்த டிரைவரை ஓப்பன்சென்ஸ் ஒரு கூடுதல் செருகுநிரலாகத் தருகிறது. அதைப் போட்டால் நிலைமை நன்றாகவே தேறும். ஆனாலும் 40 பிள்ளைகள் நம்பியிருக்கும் பெட்டியில் நான் அதன்மேல் பாரத்தை ஏற்ற மாட்டேன்.

செய்யவேண்டியது இதுதான். பழைய சர்வர்களிலிருந்து கழற்றி விற்கப்படும் இரட்டைப் போர்ட் இன்டெல் கார்டு ஒன்றை வாங்குங்கள். 82576 சில்லு உள்ளதோ ஐ350 சில்லு உள்ளதோ போதும். ஐ350 என்ற பெயரில் போலிகளும் சந்தையில் உலவுகின்றன. விலை நம்பமுடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள். இந்தக் கார்டுகளுக்கு நான்கு பாதை கொண்ட பிசிஐ எக்ஸ்பிரஸ் இடம் வேண்டும். கிராபிக்ஸ் கார்டுக்கான நீளமான இடத்தில் செருகினாலும் வேலை செய்யும். உங்களுடையது குட்டையான பெட்டி என்றால், கார்டோடு வரும் உலோகப் பட்டையும் குட்டையானதுதானா என்று கேட்டு வாங்குங்கள். பட்டை நீளமாக இருந்தால் பெட்டியை மூடவே முடியாது.

கார்டு கையில் கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். பெட்டியைத் திறந்து தூசியை ஊதுங்கள். மதர்போர்டில் காசு வடிவத்தில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். சில ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தப் பேட்டரியைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பேட்டரி தீர்ந்த கணினியில் மின்சாரம் போய் வந்தால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். தளப் பெயருக்குக் கிடைக்கும் முகவரி போலியில்லை என்று கையொப்பம் பார்த்து உறுதிசெய்யும் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பை நீங்கள் இயக்கியிருந்தால், தவறான தேதியில் எல்லாக் கையொப்பங்களும் செல்லாதவையாகத் தெரியும். பெயர்களுக்கு முகவரி கிடைக்காது. நேரத்தைத் திருத்தித் தரும் சர்வரையும் பெயரால்தான் தேட வேண்டும், அதுவும் கிடைக்காது. கடிகாரம் சரியாக இல்லாததால் இணையம் வராது, இணையம் வராததால் கடிகாரம் சரியாகாது. ஆய்வகத்தில் எல்லோரும் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருப்பார்கள்.

பயாஸுக்குள் போய், மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கும் வசதியை இயக்குங்கள். செக்யூர் பூட்டை அணையுங்கள். சில பழைய கணினிகள் விசைப்பலகை இல்லையென்றால் பிழை காட்டி அங்கேயே நின்றுவிடும். 'ஹால்ட் ஆன்' என்ற இடத்தில் 'நோ எரர்ஸ்' என்று வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இருக்காது. பிறகு நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை ஒரு இரவு முழுக்க ஓடவிடுங்கள். நினைவகத்தில் ஒரு பிழை காட்டினாலும் அந்தக் குச்சியைத் தூக்கிப் போடுங்கள். ஃபயர்வால் என்பது ஆண்டுக்கணக்கில் அணைக்காமல் ஓடவேண்டிய இயந்திரம். ஆவணம் தட்டச்சு செய்யும் கணினிக்குப் போதுமான நினைவகம் இதற்குப் போதாமல் போகலாம்.

ஓப்பன்சென்ஸின் பரிந்துரை 8 ஜிபி நினைவகமும் 120 ஜிபி எஸ்எஸ்டியும். ஆய்வகத்துக்கு அதைவிடக் குறைவாக இருந்தாலும் ஓடும். ஆனால் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் வேண்டாம். சிறிய எஸ்எஸ்டி ஒன்றை வாங்கிப் போடுங்கள்.

மின்கட்டணத்தையும் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டெஸ்க்டாப் 40 வாட் எடுத்துக்கொள்கிறது என்று வைத்தால், 60 நாளைக்கு ஏறத்தாழ 58 யூனிட் ஆகும். அது நியாயமான செலவுதான், ஆனால் பிறகு தெரியவந்தால் மனத்தாங்கல் வரும்.

கே: பென் டிரைவில் எழுதியாகிவிட்டது, கணினியும் அதிலிருந்து இயங்குகிறது. ஆனால் நிறுவும் பக்கமே வரவில்லை. நேராக உள்நுழையும் வரி வந்து நிற்கிறது. என்ன செய்வது?
*– வாசகி, ஈரோடு*

ப: நீங்கள் சரியான இடத்தில்தான் நிற்கிறீர்கள். ஓப்பன்சென்ஸ் முதலில் பென் டிரைவிலிருந்தே முழுதாக இயங்கிக் காட்டும். அங்கே 'ரூட்' என்ற பெயரில் நுழைந்தால் இயங்கும் ஃபயர்வாலுக்குள் போவீர்கள். 'இன்ஸ்டாலர்' என்ற பெயரில் நுழைந்தால் நிறுவும் நிரல் தொடங்கும். இரண்டுக்கும் கடவுச்சொல் 'ஓப்பன்சென்ஸ்' என்ற பெயரின் ஆங்கில எழுத்துகள், எல்லாம் சிறிய எழுத்தில்.

உடனே இன்ஸ்டாலருக்குப் போகாதீர்கள் என்பது என் வேண்டுகோள். முதலில் ரூட்டாக நுழையுங்கள். எண்களோடு ஒரு பட்டியல் வரும். அதில் 1 போர்ட்டுகளை ஒதுக்குவதற்கு. எந்தப் போர்ட்டுக்கு எந்தப் பெயர் என்பதைக் கணினியே கண்டுபிடிக்கும்படி விட்டு, கேபிளைச் செருகிக் காட்டலாம். செருகிய போர்ட்டின் பெயரைச் சொல்லும். ஒவ்வொரு போர்ட்டுக்கும் மேலே சிறிய ஸ்டிக்கர் ஒட்டி அந்தப் பெயரை எழுதிவிடுங்கள். எங்கள் கல்லூரியில் ஒவ்வொரு பெட்டியிலும் இதைச் செய்து வைத்திருக்கிறேன். நான் ஊரில் இல்லாத நாளில் காவலரிடம் தொலைபேசியில் "ஐஜிபி1 என்று எழுதியிருக்கும் கேபிளைக் கழற்றி மாட்டுங்கள்" என்று சொன்னால் அவர் செய்துவிடுவார்.

எல்லாப் போர்ட்டும் தெரிகிறது, இணையமும் வருகிறது என்று உறுதியான பிறகு நிறுவுங்கள். வட்டில் ஒரு பைட் எழுதுவதற்கு முன்பே உங்கள் வன்பொருள் ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ளும் இந்த வாய்ப்பை வீணாக்காதீர்கள். நிறுவல் என்பது அதற்குப் பிறகு சில நிமிட வேலை.

கே: எல்லாம் நிறுவியாயிற்று. உள்வலையில் இருக்கும் கணினியிலிருந்து 192.168.1.1 என்ற முகவரிக்குப் போனால் ஃபயர்வால் பக்கம் வருகிறது, ஆனால் இணையம் இல்லை. ஃபைபர் நிறுவனத்தின் பெட்டியை நேரடியாகக் கணினியில் மாட்டினால் இணையம் வருகிறது.
*– வாசகர், தஞ்சாவூர்*

ப: ஃபைபர் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். அதன் முகவரியும் 192.168.1.1 என்றே இருக்கக்கூடும். ஒரே தெருப்பெயர் ஊரின் இரு பக்கமும் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? ஃபயர்வாலின் இரு பக்கமும் ஒரே வலையெண் இருந்தால், எந்தப் பக்கம் அனுப்புவது என்று அதற்குத் தெரியாது.

கன்சோல் பட்டியலில் 2ஐ அழுத்தி, உள்பக்க முகவரியை 192.168.50.1 போல வேறொன்றாக மாற்றுங்கள். முகவரிகளை வழங்கும் டிஎச்சிபி வரம்பையும் அதே இடத்தில் கேட்கும், அதையும் புதிய எண்ணுக்கு ஏற்பக் கொடுங்கள்.

இதனால் இணையம் வந்துவிடும். ஆனால் அதோடு நின்றுவிட மனமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது உங்களிடம் இரண்டு ரூட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக முகவரியை மாற்றிக்கொண்டிருக்கின்றன. ஃபைபர் பெட்டியைப் பிரிட்ஜ் முறைக்கு (அது ரூட்டராக வேலை செய்யாமல் இணைப்பை அப்படியே கடத்திவிடும் முறை) மாற்றித் தருமாறு இணைய நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். கேட்கும்போதே பிபிபிஓஇ (பயனர் பெயர் கொடுத்து இணையத்தில் நுழையும் முறை) பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கிவிடுங்கள், விஎல்ஏஎன் (ஒரே கேபிளில் பிரித்து ஓடும் தனி வலை) எண் ஏதும் உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். பெட்டியை மாற்றிய பிறகு இவற்றைக் கேட்க உங்களிடம் இணையம் இருக்காது. பிபிபிஓஇ வழியில் ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவு 1500க்குப் பதில் 1492 ஆகும். சில தளங்கள் மட்டும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் முதலில் அந்த எண்ணைப் பாருங்கள்.

கே: ஒருவரிடமிருந்து பிசி எஞ்சின்ஸ் ஏபியு2 பலகை ஒன்றை வாங்கினேன். திரையை இணைக்க இடமே இல்லை. பென் டிரைவைச் செருகி இயக்கினால் விளக்குகள் எரிகின்றன, வேறு ஒன்றும் தெரியவில்லை. ஏமாந்துவிட்டேனா?
*– வாசகர், திண்டுக்கல்*

ப: இல்லை. நல்ல பொருளைத்தான் வாங்கியிருக்கிறீர்கள். சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் இந்தப் பலகையை உலகெங்கும் திறமூல வலைப்பின்னல்காரர்கள் கொண்டாடினார்கள். 1 ஜிகாஹெர்ட்ஸ் வேகத்தில் நான்கு கருக்கள் கொண்ட ஏஎம்டி சில்லு, இன்டெல் போர்ட்டுகள், மின்விசிறி இல்லை, 6 முதல் 12 வாட் மின்சாரம். புதிய பலகைகளைக் கொண்டுவரப்போவதில்லை என்று 2023இல் அந்த நிறுவனம் அறிவித்தபோது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

இதில் திரைக்கான இடம் வேண்டுமென்றே இல்லை. ஒன்பது ஊசி கொண்ட சீரியல் போர்ட் வழியாகத்தான் பேச வேண்டும். அதற்கு யூஎஸ்பியிலிருந்து சீரியலுக்கு மாற்றும் கேபிளும், குறுக்காக இணைக்கப்பட்ட நல் மோடம் கேபிளும் தேவை. நேர்க்கேபிளை மாட்டினால் திரை காலியாகவே இருக்கும். கடையில் கேட்கும்போது 'நல் மோடம்' என்ற பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மடிக்கணினியில் புட்டி நிரலைத் திறந்து வேகத்தை 115200 என்று வையுங்கள்.

அடுத்தது பென் டிரைவில் எழுதிய கோப்பு. ஓப்பன்சென்ஸ் பதிவிறக்கப் பக்கத்தில் டிவிடி, விஜிஏ, சீரியல், நானோ என்று நான்கு வகை இருக்கும். விஜிஏ என்பது திரை உள்ள கணினிக்கு. உங்களுக்கு வேண்டியது சீரியல். பெரும்பாலோர் விஜிஏவை எடுத்துவிட்டுப் பலகை செத்துவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பதிவிறக்கிய கோப்பின் எஸ்எச்ஏ256 கூட்டெண்ணைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு சுருக்கத்தை விரித்து எழுதுங்கள். உங்கள் வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ வாசற்கதவாக நிற்கப்போகும் மென்பொருள் இது. வழியில் யாரும் கைவைக்கவில்லை என்று பார்த்துக்கொள்வதில் சோம்பல் கூடாது.

இன்னும் இரண்டு செய்திகள். இந்தப் பலகையின் சூடு, ஒரு அலுமினியத் தகடு வழியாகப் பெட்டியின் அடிப்பாகத்துக்கு இறங்க வேண்டும். பழைய பலகைகள் கைமாறும்போது அந்தத் தகடு தொலைந்துபோவதுண்டு. திருகுகளைக் கழற்றி, தகடு இருக்கிறதா, சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சித்திரை வெயிலில் மூடிய அலமாரிக்குள் வைக்க வேண்டாம். இரண்டாவது, ஃப்ரீபிஎஸ்டியில் பிபிபிஓஇ வழியாக வரும் போக்குவரத்து பெரும்பாலும் ஒரே கருவின் தலையில் விழும். மற்ற மூன்று கருக்களும் வேடிக்கை பார்க்கும். 100 மெகாபிட் இணைப்புக்கு இந்தப் பலகை தாராளம். ஒரு ஜிகாபிட் பிபிபிஓஇ இணைப்பை முழுதாகத் தாங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கே: எங்கள் பகுதியில் மின்சாரம் அடிக்கடி போகும். நிறுவும்போது இசட்எஃப்எஸ், யூஎஃப்எஸ் என்று இரண்டு கேட்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?
*– வாசகர், வேதாரண்யம்*

ப: இசட்எஃப்எஸ். யோசிக்கவே வேண்டாம். இரண்டும் வட்டில் கோப்புகளைச் சேமிக்கும் முறைகள். இசட்எஃப்எஸ் பழைய தரவின்மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதி, எழுதி முடிந்த பிறகுதான் அதைச் செல்லுபடியாக்கும். பாதியில் மின்சாரம் போனாலும் முந்தைய நிலை கெடாமல் இருக்கும். யூஎஃப்எஸ் வட்டு திடீர் நிறுத்தத்துக்குப் பிறகு சரிபார்ப்பில் நின்று, யாராவது வந்து விசையை அழுத்தும்வரை காத்திருக்க நேரலாம். ஒற்றை வட்டில் இசட்எஃப்எஸ் சேதத்தைக் கண்டுபிடித்துச் சொல்லும், ஆனால் சரிசெய்ய இன்னொரு பிரதி இருக்காது. ஆகவே அமைப்புக் கோப்பின் நகலை வெளியே வைத்திருங்கள்.

யூபிஎஸ் வாங்கினால் ஃபயர்வாலோடு ஃபைபர் பெட்டிக்கும் ஸ்விட்சுக்கும் அதிலிருந்தே மின்சாரம் கொடுங்கள். ஃபயர்வால் மட்டும் விழித்திருந்து பயனில்லை.

கே: நான் இறுதியாண்டு மாணவி. வலைப்பின்னல் வேலைக்குப் போக விரும்புகிறேன். ஓப்பன்சென்ஸா, வையோஸா, சோனிக்கா? எதைக் கற்பது?
*– வாசகி, திருநெல்வேலி*

ப: கட்டளை வரியில் வேலை பழக வையோஸ் என்ற ரூட்டர் மென்பொருள். வையாட்டா என்ற நிறுவனத்தை 2012இல் புரோகேட் வாங்கியது. அதன் திறமூலப் பதிப்பு கைவிடப்பட்ட நிலையில், பயனர்களே 2013இல் அதைப் பிரித்தெடுத்து வையோஸ் என்ற பெயரில் வளர்த்தார்கள். டெபியன் லினக்ஸின்மேல் நிற்கிறது. பென் டிரைவிலிருந்து இயக்கி, 'வையோஸ்' என்ற பெயரையே பயனராகவும் கடவுச்சொல்லாகவும் கொடுத்து நுழைந்து, 'இன்ஸ்டால் இமேஜ்' என்ற கட்டளையைக் கொடுத்தால் வட்டில் அமர்ந்துவிடும். இரண்டு பதிப்புகளை அருகருகே வைத்துக்கொண்டு, புதியது சரியில்லை என்றால் பழையதிலிருந்து இயக்கலாம்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது 'கமிட் கன்ஃபர்ம்' என்ற கட்டளை. தொலைவிலிருந்து ஒரு விதியை மாற்றுகிறீர்கள். அந்த மாற்றம் உங்களையே வெளியே தள்ளிவிட்டால்? பத்து நிமிடத்துக்குள் 'சரி' என்று நீங்கள் உறுதிசெய்யாவிட்டால் பெட்டி தானாகவே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். பல மைல் தொலைவில் பூட்டிய அறைக்குள் இருக்கும் பெட்டியை நிர்வகிப்பவருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது, அந்த வேலையைச் செய்யும்போது உங்களுக்கே புரியும். உறுதிசெய்த பிறகு 'சேவ்' கொடுக்க மறக்காதீர்கள். கொடுக்காவிட்டால் அடுத்த மின்தடையில் எல்லாம் போய்விடும்.

சோனிக் வேறு உலகம், ஸ்விட்சுகளை இயக்கும் மென்பொருள். மைக்ரோசாஃப்ட் தன் தரவு மையங்களுக்காக உருவாக்கி 2016இல் வெளியிட்டது. 2022இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனிடம் ஒப்படைத்தது. ஓனி (ONIE) என்ற நிறுவும் சூழலும், சோனிக் ஆதரிக்கும் ஸ்விட்ச் சில்லும் உள்ள தரவு மைய ஸ்விட்சுகளில்தான் அதை ஏற்ற முடியும். தெருமுனைக் கடையில் வாங்கிய எட்டுப் போர்ட் ஸ்விட்சில் முயலாதீர்கள். கல்லூரி ஆய்வகத்தில் அப்படிப்பட்ட ஸ்விட்ச் இருந்தால் கட்டாயம் கேட்டு வாங்கிப் பழகுங்கள். இல்லையென்றால் சோனிக்கின் மெய்நிகர் பதிப்பு போதும்.

கே: மூன்று ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த எங்கள் ஓப்பன்சென்ஸ் கணினியின் மதர்போர்டு போய்விட்டது. அமைப்புக் கோப்பின் நகல் இருக்கிறது. புதிய கணினி வேறு நிறுவனத்தது. எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டுமா?
*– சிறுதொழில் நிறுவனம் ஒன்றின் மேலாளர், கோயம்புத்தூர்*

ப: வேண்டாம். நகல் எடுத்து வைத்திருக்கிறீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். ஓப்பன்சென்ஸின் மொத்த அமைப்பும் ஒரே ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் அடங்கியிருக்கிறது. விதிகள், முகவரிகள், விபிஎன் சாவிகள் எல்லாம் அதில்தான். சாவிகள் இருப்பதால் நகலை எடுக்கும்போது கடவுச்சொல் போட்டுப் பூட்டி எடுப்பதே நல்லது.

ஒரே சிக்கல் போர்ட் பெயர்கள். பழைய கணினியின் கார்டு இஎம்0, இஎம்1 என்று பெயர் பெற்றிருக்கும். புதியதில் இன்டெல்லின் 2.5 ஜிகாபிட் சில்லு இருந்தால் ஐஜிசி0, ஐஜிசி1 என்று வரும். கோப்பைக் கணினியில் ஒரு சாதாரண உரைத்தொகுப்பானில் திறந்து, பழைய பெயர்கள் வரும் எல்லா இடங்களிலும் புதிய பெயரைப் போட்டு மாற்றுங்கள். விஎல்ஏஎன் வைத்திருந்தால் அவற்றின் கீழும் பழைய பெயர் ஒளிந்திருக்கும், தேடிப் பாருங்கள். புதிய பெயர்களைத் தெரிந்துகொள்ள, ஈரோடு வாசகிக்குச் சொன்னதுபோல முதலில் பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பாருங்கள்.

மாற்றிய கோப்பை இன்னொரு பென் டிரைவில் 'கான்ஃப்' (conf) என்ற கோப்புறைக்குள், 'கான்ஃபிக்.எக்ஸ்எம்எல்' (config.xml) என்று பெயர் மாற்றி வையுங்கள். பூட்டி எடுத்த நகல் என்றால் பூட்டைத் திறந்த பிறகே இங்கே வைக்க வேண்டும். ஓப்பன்சென்ஸ் இயங்கத் தொடங்கும்போது, அமைப்பை இறக்குமதி செய்ய ஏதாவது ஒரு விசையை அழுத்துமாறு சில நொடிகள் கேட்கும். அழுத்தி அந்த பென் டிரைவைக் காட்டினால் உங்கள் பழைய அமைப்போடு எழும். அதன்பின் இன்ஸ்டாலராக நுழைந்து நிறுவினால் அந்த அமைப்பே வட்டுக்கும் போய்விடும். நுழையும்போது பழைய கணினியில் வைத்திருந்த ரூட் கடவுச்சொல்லையே கேட்கும். அதைத் தெரிந்தவர் அலுவலகத்தில் இருக்கும் நாளாகப் பார்த்து வேலையைத் தொடங்குங்கள். விடுமுறை நாளின் காலையில் ஆரம்பித்தால் மதிய உணவுக்கு முன் முடித்துவிடலாம்.